மச்சினன் பிடித்த தலை

நான் நடந்து போவதைப் பார்த்தால் எங்கள் திரேஸ்புரத்துக் கரையில் இன்னும் சிலர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். இடது கால் கொஞ்சம் இழுக்கும். வலது கைக்குச் சட்டைப் பொத்தான் வசப்படாது. அதை என் பெண்டாட்டி ரோசம்மா போட்டுவிடுகிறாள். கழுத்து ஒடிந்தவன் எப்படி நடக்கிறான் என்பது ஊராரின் ஆச்சரியம். அவர்களைவிட எனக்குத்தான் ஆச்சரியம் அதிகம். காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினால் தரை சில்லென்று இருக்கிறது. அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரிகிறதே என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். காப்பி ஆறிப்போகிறது என்று ரோசம்மா சத்தம் போடுவாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் சுடலைமுத்து. இந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொன்னவன் அவன்தான். கூடவே, ஒன்றை மட்டும் அவனுடைய அண்ணன்மார் காதில் போடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். அந்த ஒன்றை விட்டுவிட்டால் மீதிக் கதை நொண்டும். இப்போது அந்தச் சத்தியத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சங்கு குளிக்கிறவன். முத்துக் குளிப்பு நின்று வருஷங்களாகிவிட்டன. என் காலத்தில் சங்குதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவன் கீழே போவான். வள்ளத்தில் நிற்கிறவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. ஆகவே கயிற்றை யாரிடம் கொடுப்பது என்பதில் எங்கள் ஆட்கள் முத்துக் காலத்திலிருந்தே கண்டிப்பு. கூடப்பிறந்தவனிடம் கொடுக்கமாட்டார்கள். அவனுக்குச் சொத்தில் பங்கு இருக்கிறது. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே என்ற பயத்தில் அவன் கண் கயிற்றை விட்டு நகராது. குளிக்கப் போனவன் கரையில் கால் வைக்கிறவரை கயிற்றுக்காரன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பதும் அதே வழக்கத்தைச் சேர்ந்தது.

என் கயிற்றுக்காரன் ரோசம்மாவின் தம்பி மிக்கேல். வாய் ஓயாதவன். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க வைத்துவிடுவான். வள்ளத்தில் கயிற்றைக் கையில் வாங்கினால் மட்டும் பேச்சு நின்றுபோகும்.

புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஊரைக் கிடுகிடுக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாடைக் காற்றும் மழையும் ஓய்ந்து, சங்கு குளிக்க வள்ளங்கள் கிளம்பிய முதல் நாட்கள். மத்தியானம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கரையை நெருங்கி நங்கூரம் போட்டதும் ஒருவன் தலைகுப்புறப் பாய்ந்து, அது மணலில் சரியாகக் கொளுவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று நான் எழுந்தேன்.

எங்களுக்குக் கடலில் இடம் தெரிவது கரையைப் பார்த்துத்தான். கோயில் உச்சிச் சிலுவையும் அதற்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வந்தால் அங்கே இரண்டாள் ஆழம். எங்கள் அப்பா பாய்ந்த இடம். நான் சிறுவனாக இருந்தபோதிலிருந்து பாய்கிற இடம். அங்கே போய்க் கம்பு விட்டு ஆழம் பார்க்கிறவனை, உள்நாட்டிலிருந்து பெண்ணெடுத்தவனா என்று கேலி செய்வார்கள். அன்றும் சிலுவையும் தொட்டியும் கோடு பிசகாமல் நின்றன. ஆனால் மழைக்காலத்துக் கடல் எங்கிருந்தோ மணலை வாரி வந்து அந்த இடத்தில் கொட்டியிருந்தது. தண்ணீர் கலங்கல் என்பதால் மேலிருந்து தெரியவில்லை. நான் பாய்ந்தேன். தண்ணீர் இடுப்பளவுக்குமேல் இல்லை.

பச்சைப் பனைமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் வரும் சத்தம் எனக்குள்ளே கேட்டது. வலி இல்லை. அதுதான் பயங்கரம். கை இருந்த இடத்தில் கை இல்லை, கால் இருந்த இடத்தில் கால் இல்லை. முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு குட்டி நண்டு மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்குவது மட்டும் எனக்குப் பழகிப்போன காரியம். அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். இடுப்பில் கயிறு இல்லை. ஆனாலும் மேலே மிக்கேல் இருக்கிறான் என்ற நினைப்பு இருந்தது.

அவன் வந்தான். பின்னால் சொன்னான்: பாய்ந்த மனுசன் எழும்பவில்லை, கையும் ஆடவில்லை, அதனால் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக் காலை முதலில் விட்டு இறங்கினானாம். என் இரண்டு காதுகளின் மேலும் அவன் உள்ளங்கைகள் வந்து உட்கார்ந்தன. தலையும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்பி என் முகம் வானத்தைப் பார்த்தது. மூச்சு விட்டேன்.

"மச்சான், பேசுங்க."

"கை கால் இல்லலே."

"இருக்கு. பாக்க வேண்டாம். என்னைய மட்டும் பாருங்க."

அதற்குள் கரையில் இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். கடலில் விழுந்து எழும்பாதவனுக்கு எங்கள் கரையில் ஒரு வைத்தியம் உண்டு. கணுக்கால் இரண்டையும் பிடித்து, தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடுவார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே கொட்டிவிடும் என்பது கணக்கு. அப்படி ஓடிப் பிழைக்க வைத்த கதைகள் எல்லோரிடமும் இருக்கும். ஓடிச் சாகடித்த கதைகளை யாரும் வைத்துக்கொள்வதில்லை. நாலு பேர் என் காலுக்குக் கை நீட்டினார்கள். எல்லோரும் என்மேல் உயிரை வைத்திருப்பவர்கள்.

"தொடாதிய," என்றான் மிக்கேல்.

"ஏலே, கூறுகெட்டவன. வயித்துல தண்ணி நிக்கும்ல. தலகீழாப் பிடி."

"கழுத்து போயிருக்கு. தலகீழாப் பிடிச்சா ஆளே போயிருவாரு. ஒரு பலகையக் கொண்டாங்க."

"பலகை எதுக்குலே, பொணத்துக்கா? முதல்ல கரையில தூக்கிப் போடு."

அப்போது மிக்கேல் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அவன் என்னைக் கரைப்பக்கம் கொண்டு போகவில்லை. ஓரெட்டுப் பின்னால் வைத்து ஆழத்தின் பக்கம் நகர்ந்தான்.

"எங்க மச்சான் இன்னும் கரை ஏறல. கரை ஏறுதவரைக்கும் கயித்துக்காரன் சொல்லுதான் சொல்லு. இதுல யாருக்காவது மறுசொல்லு இருக்கா?"

யாருக்கும் இல்லை. நீட்டிய கைகள் அப்படியே நின்றன. வழக்கம் அது. தண்ணீருக்குள் நான் இருக்கிறவரை நான் அவன் பொறுப்பு. கரையில் வைத்திருந்தால் ஊர்ப் பெரியவர்கள் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு என்னைத் தூக்கியிருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் தண்ணீரிலேயே நின்றான். வள்ளத்தின் மேல்தட்டுப் பலகை ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, தண்ணீருக்குள்ளேயே எனக்கு அடியில் செருகி, கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். மணலைத் துண்டில் முடிந்து தலைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் மிக்கேல் கையை எடுக்கவில்லை.

இதையெல்லாம் அவன் எங்கே படித்தான் என்று கேட்டால் சிரிப்பு வரும். கன்னியர் மடத்து மருந்தகத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார், மணப்பாட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் பந்தலில் எல்லோரையும் உட்கார வைத்து, அடிபடாமல் இருப்பது எப்படி, அடிபட்டால் என்ன செய்வது என்று வகுப்பு எடுப்பார். குழந்தைகளுக்குக் கிணற்றுச் சுவரைப் பற்றியும், சோடா பாட்டிலில் மண்ணெண்ணெய் வைக்கும் அம்மாமார்களுக்கு அதைப் பற்றியும் சொல்வார். ஸ்டவ் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்வார். கண் மங்கியவர்களை ஈரத் தரையில் வழுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்வார். ஆண்கள் வந்தது அங்கே கொடுத்த டீக்கும் பன்னுக்கும்தான். விழுந்தவனைத் தூக்காதே, தலையை அசையாமல் பிடி என்று ஒரு நாள் சிஸ்டர் சொன்னபோது பந்தலே சிரித்தது. "அப்போ விழுந்தவனப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கவா சிஸ்டர்?" என்று கேட்டவன் மிக்கேல். கேட்ட குற்றத்துக்காக அவனையே முன்னால் கூப்பிட்டு, பூசைக்கு வந்த ஒரு பையனைப் படுக்க வைத்து, தலையைப் பிடிக்கச் சொன்னார். சிஸ்டர் மற்றவர்களோடு பேசிவிட்டு வருகிறவரை அவன் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவனுடைய பன்னை வேறு யாரோ தின்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் பாடம் மறக்கவில்லை என்று இப்போது சொல்லுகிறான்.

உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்றில் என்னை ஏற்றினார்கள். டிரைவர் மாட்டு வண்டிபோல ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டான். மிக்கேல் என் தலைமாட்டில் மண்டி போட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, குனிந்து என் கண்ணையே பார்த்து வந்தான். அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை என் நெற்றியில் சொட்டியது. அது சொட்டுவது எனக்குத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் வந்து பார்த்து, "இனி நான் பிடிச்சிக்கிடுதேன், விடுங்க தம்பி," என்றார். மிக்கேலுக்கு விரல்கள் விரியவில்லை. ஒரு நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

டாக்டர் எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். எக்ஸ்ரே படத்தை என் முகத்துக்கு மேலே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். என் கழுத்தை நானே பார்த்தது அன்றுதான்.

"கழுத்துல ஏழு எலும்பு. ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கியிருக்கு. நடுவுல ஓட்டை. அந்த ஓட்டை வழியா உங்க சுண்டுவிரல் தண்டி ஒரு நரம்புக் கயிறு போகுது. கை, கால், மூத்திரம், மூச்சு எல்லாத்துக்கும் மூளை அது வழியாத்தான் தாக்கல் அனுப்பும். அஞ்சாவது எலும்பு ஒடிஞ்சி பின்னால சரிஞ்சிருக்கு."

"கயிறு அறுந்துட்டா சார்?"

"நசுங்கி வீங்கியிருக்கு. அறுந்துட்டா இல்லையான்னு படத்துல தெரியாது. வீக்கம் வத்தணும். காத்திருக்கணும்." படத்தை இறக்கிவிட்டு, "எலும்போட முனை அந்தக் கயித்துக்கிட்ட ஒரு நூல் தள்ளித்தான் நிக்குது. உங்க மச்சினன் தலைய விட்டிருந்தாருன்னா படம் எடுக்கத் தேவை இருந்திருக்காது," என்றார்.

சுண்டுவிரல் தண்டி. நான் இத்தனை காலம் முங்கியதும், சங்கு பொறுக்கியதும், ரோசம்மாவைக் கைப்பிடித்ததும் அந்த ஒரு கயிற்றை நம்பித்தான். என் இடுப்புக் கயிற்றைத் தினமும் பார்த்துப் பார்த்து முறுக்குப் பிரிந்திருக்கிறதா என்று தடவியவன், உள்ளே இப்படி ஒன்று ஓடுகிறது என்று தெரியாமலேயே இருந்திருக்கிறேன்.

ஒடிந்த எலும்பை நேராக்க மண்டையின் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகத் துளையிட்டு, ஒரு இடுக்கியை மாட்டினார்கள். இடுக்கியிலிருந்து ஒரு கயிறு கட்டில் தலைமாட்டில் இருந்த உருளைமேல் போய், அந்தப் பக்கம் இரும்புக் குண்டுகளோடு தொங்கியது. குண்டு இழுக்க இழுக்கக் கழுத்து மெல்ல நிமிரும் என்றார்கள். மிக்கேல் கட்டிலைச் சுற்றி வந்து அதையெல்லாம் பார்த்தான்.

"இங்கனயும் கயிறுதான் மச்சான். ஆனா இழுக்கிறவன் டீ குடிக்கப் போகமாட்டான், நல்ல கயித்துக்காரன்."

ரோசம்மா அவன் தலையில் குட்டினாள். பிறகு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு என் உலகம் விட்டத்துக் கட்டைகளும் ஒரு மின்விசிறியும்தான். தலையைத் திருப்ப முடியாது. யார் வந்தாலும் என் முகத்துக்கு மேலே குனிந்தால்தான் ஆள் தெரியும். ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்பதால், வேளைக்கு வேளை நாலைந்து பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, "ஒண்ணு ரெண்டு மூணு" என்று ஒரே நேரத்தில் உருட்டுவார்கள். மூத்திரத்துக்கு ரப்பர் குழாய். ரோசம்மா உப்பளத்தில் வேலை செய்கிற தன் தோழிகளை முறைவைத்து வரச் செய்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்த அவர்கள் கைகள் என்னை உருட்டின. அந்தக் கைகள் தொடுவது எனக்குத் தெரியவில்லை. இனிமேல் எப்போதும் தெரியாமலே போய்விடுமோ என்று கண்ணில் தண்ணீர் வரும். அதைத் துடைக்கவும் ஆள் வேண்டும். அது எல்லாவற்றையும்விட வெட்கம்.

அப்படி ஒரு நாள் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அங்கன காதுக்குள்ள தண்ணி போகுதா? எனக்கும் போகும். கொஞ்ச நாள்ல பழகிரும்."

அதுதான் சுடலைமுத்து. சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறி. அவனுக்கும் கழுத்துதான், அவனும் விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தான். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான். ஆனால் அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. கனத்த குரல். என்னைவிட மூத்தவனாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பனை உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் கடல் எப்படித் தெரியும் என்று சொல்வான். நான் கடலுக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சூரியன் எப்படித் தெரியும் என்று சொல்வேன். ஒருவன் மேலேயே இருந்தவன், ஒருவன் கீழேயே இருந்தவன். இரண்டு பேரையும் ஒரே விட்டத்துக்கு அடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறதே என்று நினைக்கும்போது எனக்கு அழுகை நின்றுவிடும்.

அவனுக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் தங்கவேலு. வாரம் தவறாமல் ஊரிலிருந்து கருப்பட்டியும் நுங்கும் கொண்டு வருவார்கள். தம்பிக்கு ஊட்டிவிட்டு எனக்கும் ஊட்டுவார்கள். தம்பியின் காலுக்கு எண்ணெய் போட்டு நீவுகிற சத்தம் எனக்குக் கேட்கும். அந்தக் காலுக்கு எதுவும் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நீவுவார்கள்.

எனக்கு உடம்பு திரும்பக் கிடைத்தது ஒரு எறும்பால். ரோசம்மா எனக்கு ரஸ்க் ஊட்டிவிட்டுத் தூளைத் தட்டாமல் விட்டிருந்தாள். மத்தியானம் அயர்ந்து கிடந்தபோது எங்கேயோ சுள்ளென்றது. எங்கே என்று தெரியவில்லை. என் உடம்புக்கு வெளியே, ரொம்ப தூரத்தில், விளாத்திகுளம் பக்கத்தில் யாரையோ எறும்பு கடித்ததுபோல இருந்தது. மறுபடியும் சுள்ளென்றது.

"ஏளா, கால் பெருவிரலப் பாரு."

"ஐயோ, எறும்பு," என்று அவள் நசுக்கப் போனாள்.

"கொல்லாத. கடிக்கட்டும்."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நர்ஸ் ஓடிவந்தார், டாக்டர் ஓடிவந்தார். வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் என் பெருவிரலைச் சுற்றி நின்று எறும்பைப் பார்த்தார்கள். டாக்டர் ஊசி நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "தெரியுது, தெரியுது," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கயிறு அறுந்துபோகவில்லை. இடது பக்கம் இருந்த சுடலைமுத்து, "எறும்புக்கு நானும் ஒரு ரஸ்க் வாங்கிக் குடுத்திருக்கேன், நம்ம பக்கம் வரமாட்டேங்குது," என்றான். வார்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவன் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க விழுந்ததும் உங்கள யாரும் தூக்கலியாமே. உங்க மச்சினன் சொன்னாரு."

"ஆமா, தம்பி."

"நான் விழுந்தப்போ எனக்குக் கால் இருந்திச்சி. வலி உசுரு போச்சி, ஆனா கால ஆட்டினேன். செருப்ப எங்கன விட்டோம்னுகூட நெனச்சேன். பெரியண்ணனும் சின்னண்ணனும் ஓடியாந்து ஒருத்தரு கமுக்கட்டுல, ஒருத்தரு கால்ல பிடிச்சித் தூக்கினாவ. தல பின்னால தொங்கிச்சி. ஒரு மின்னலு. அதோட கால் போயிட்டு."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு பேரும் நாண்டுக்கிட்டுச் செத்துருவாவ. பாசத்துலதான தூக்கினாவ. நீங்க நல்லாகி வெளிய போயி எல்லாருக்கும் சொல்லணும், விழுந்தவனத் தூக்கக் கூடாதுன்னு. பனங்காட்டுல வருசா வருசம் எவனாவது விழுதான். ஆனா எங்க அண்ணம்மாரு காதுக்கு மட்டும் போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கையை நீட்டிச் சத்தியம் செய்ய எனக்குக் கை வரவில்லை. வாயால் செய்தேன். என் கழுத்துக்கும் அவன் கழுத்துக்கும் எலும்பு ஒடிந்த விதத்தில் வித்தியாசம் இல்லை என்று டாக்டர் ஒரு நாள் சொன்னார். இரண்டு பேர்மேலும் விழுந்தவை பாசமான கைகள்தான். ஒரு கைக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய உடம்பு, இவ்வளவு பெரிய உயிர், அப்படி ஒரு சின்ன விஷயத்திலா தொங்குகிறது என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

கால் திரும்பக் கிடைத்தது, பிறகு இடது கை, கடைசியில் மனசில்லாமல் வலது கை. இடுக்கியைக் கழற்றிக் கழுத்துக்கு ஒரு பட்டை போட்டார்கள். முதல் தடவை என்னை நிமிர்த்தி உட்கார வைத்தபோது உலகம் சுழன்றது. சுழற்சி நின்றதும் உடம்போடு சேர்ந்து இடது பக்கம் திரும்பினேன். அந்தக் கனத்த குரலுக்குச் சொந்தக்காரன் மீசை சரியாக முளைக்காத பையன்போல இருந்தான். என்னைவிட எவ்வளவோ சின்னவன். கண்ணை உருட்டி என்னைப் பார்த்தான்.

"நீங்க அழகா இருப்பியன்னு நெனச்சிருந்தேன் அண்ணாச்சி," என்றான்.

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனையும் கொஞ்ச நாளில் அனுப்பிவிட்டார்கள், அப்படியே.

கடலுக்குள் இனி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சிஸ்டரிடம் போய் நின்றேன். அன்று முதல் அவருடைய வகுப்பில் நான்தான் படுத்துக்கொள்கிற ஆள், மிக்கேல்தான் தலையைப் பிடிக்கிற ஆள். கோயில் பந்தல், உப்பளம், பள்ளிக்கூடம், துறைமுகக் கூலிகள் சோறு தின்னுகிற கொட்டகை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். பாயும் முன் கம்பு விட்டுப் பார், காலை முதலில் விடு, விழுந்தவனைத் தூக்காதே, பலகை வருகிறவரை தலையைப் பிடி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் தலையைப் பிடித்திருக்கிறார்கள். பல் இல்லாத ஆச்சிமார்களும் பிடித்திருக்கிறார்கள். திரேஸ்புரத்தில் இப்போது நங்கூரம் போட்டதும் கம்பு விடுகிறார்கள். கம்பு விடுகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. என் கழுத்தைப் பார்த்துவிட்டு அவர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

பனங்காட்டுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. ஏன் என்று சிஸ்டர் கேட்டபோது ஏதோ சாக்குச் சொன்னேன்.

பனையேற்றப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தங்கவேலு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கருப்பட்டி.

"எங்க ஊருக்கும் வந்து சொல்லணும், அண்ணாச்சி. ஆளுகள நான் கூட்டிவைக்கேன்."

சத்தியத்தை நினைத்துக்கொண்டேன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தக் காட்டில் அடுத்து விழப்போகிறவனை யார் பிடிப்பது? போனோம், நானும் மிக்கேலும் சிஸ்டரும். கடலைப் பற்றி மட்டும் பேசுவது, பனையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று வழியெல்லாம் மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே போனேன்.

ஊர்க் கோயிலுக்கு முன்னால் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஏறுகிற ஆண்கள், பதநீர் காய்ச்சுகிற பெண்கள், பிள்ளைகள், கம்பூன்றி நடக்கிறவர்கள் என்று ஊரே இருந்தது. முன்வரிசையில் நார்க்கட்டிலில் சுடலைமுத்து. அவன் முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று பார்த்துவிட்டு வந்த சிஸ்டர், அப்படிப் பார்த்துக்கொள்வது மருந்தகத்துக்காரர்களான தங்களாலேயே முடியாது என்றார். கட்டிலின் இரண்டு பக்கமும் அண்ணன்மார் நின்றார்கள்.

நான் என் கதையைச் சொன்னேன். மிக்கேல் தண்ணீரில் நின்றதைச் சொன்னபோது சிரித்தார்கள், எறும்பைச் சொன்னபோது அழுதார்கள். கடைசியில், "கடல்ல விழுந்தவனத் தூக்கக் கூடாது," என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

தங்கவேலு கேட்டார்: "பனையில இருந்து விழுந்தா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். சுடலைமுத்து கண்ணால் என்னைக் கெஞ்சினான்.

"சொல்லுங்க அண்ணாச்சி. இத ஊரு கேக்கணும்னுதான் உங்கள அழைச்சேன்." நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவரே கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எங்க தம்பி விழுந்து கெடந்தப்போ கால ஆட்டினான். நான் பாத்தேன். நாங்க தூக்கினோம். பொறவு ஆடல. அன்னைக்கே எங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத்தன நாளும் வாயத் தொறக்கல. தெரிஞ்சா எங்க கையால ஒரு வாய் கஞ்சி குடிக்கமாட்டானேன்னு பயம். இனி ஒருத்தன இப்படித் தூக்கிராதிய."

அவர் கட்டிலின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

"பெரியண்ணே," என்றான் சுடலைமுத்து. "எனக்குத் தெரியும்."

அவர் திரும்பினார்.

"தூக்கும்போதே தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

சின்ன அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கவேலு நின்ற இடத்தில் நின்றார். மரம் ஏறிக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவை யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடலுக்கு அடியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

"மிக்கேல் அண்ணாச்சி," என்று சுடலைமுத்து கூப்பிட்டான். "எங்கண்ணனுக்குத் தலையப் பிடிக்கச் சொல்லிக் குடுங்க. வேற ஆளப் படுக்கப் போட வேண்டாம். நான்தான் படுத்துக் கெடக்கேன்லா."

மிக்கேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கவேலுவைக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கூட்டிவந்து மண்டி போட வைத்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் செய்து, உள்ளங்கைகளைத் தம்பியின் காதுகள்மேல் கொண்டுபோய் வைத்தான். அந்தக் கைகள் நடுங்கின. நடுக்கத்தில் தம்பியின் தலையும் சேர்ந்து ஆடியது.

"அசையக் கூடாதுண்ணே," என்றான் சுடலைமுத்து. "ஊரு பாக்குது."

நடுக்கம் நிற்கிறவரை அத்தனை பேரும் காத்திருந்தோம்.